அருணுக்கு, சேலஞ்சர் விஷயமாக

அன்புள்ள அருண்,

நீ டாட்ஜ் சேலஞ்சர் பார்த்து வைத்திருக்கிறாய் என்று வித்யா சொன்னாள். என்னிடம் நீயே சொல்லியிருக்கலாம். கூப்பிட்டால் "மீட்டிங் இருக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன், கடைசி வரை படி. அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. இங்கே வேறு விசேஷம் இல்லை.

கார் அழகுதான், இல்லையென்று யார் சொன்னது? 1970 மாடலின் முகத்தை அப்படியே எடுத்து 2006 டெட்ராய்ட் ஷோவில் காட்டினார்கள். 2008 முதல் 2023 டிசம்பர் வரை கனடாவில் பிராம்ப்டன் ஆலையில் செய்தார்கள். ஆனால் அந்தப் பழைய முகத்துக்காக ஓட்டுகிறவன் தினமும் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும். ஜன்னல் உயரம் குறைவு, பின் தூண் தடிமன், பானெட் நீளம். லேன் மாறும்போது வலது தோளுக்குப் பின்னால் ஒரு கார் முழுசாக மறைந்துவிடும். பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை இல்லாத வண்டியாக இருந்தால் விலை கேட்காமலே திரும்பி வா.

2015-க்கு முந்தினது வேண்டாம். அந்த வருஷம்தான் உள்பக்கம் முழுவதும் மாறி, எட்டு கியர் ஆட்டோமேட்டிக் எல்லா இன்ஜினுக்கும் வந்தது. 2011 முதல் 2013 வரையான வி6 (ஆறு சிலிண்டர்) இன்ஜினில் இடது சிலிண்டர் ஹெட் தொல்லை கொடுத்து, கம்பெனியே வாரண்டியை நீட்டியது. 2008 முதல் 2010 வரையான மாடலில், டகாட்டா கம்பெனியின் பழைய ஏர்பேக்கை மாற்றாத வண்டி என்றால் ஓட்டவே கூடாது என்று 2022-இல் எச்சரிக்கை விட்டார்கள். எந்த வருஷமானாலும் வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரை, அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் போட்டு, பாக்கி ரீகால் இருக்கிறதா என்று பார்.

3.6 லிட்டர் வி6 போதும். 305 குதிரைத்திறன், சாதா 87 ஆக்டேன் பெட்ரோல். ஆர்/டி மாடல் என்று 5.7 லிட்டர் ஹெமி (எட்டு சிலிண்டர்) பக்கம் போகாதே. மாதம் இரண்டு தடவை சிகாகோ போய் வருவாய் என்று வைத்துத்தான் கணக்குப் போட்டேன். போக 400 மைல், வர 400. ஹைவேயில் வி6 காலனுக்கு 30 மைல், ஹெமி 25. 800 மைலுக்கு 5 காலன்தான் வித்தியாசம், உண்மையைச் சொல்ல வேண்டும். ஊருக்குள் 19, 16. ஹெமிக்கு 89 ஆக்டேன் போடச் சொல்வார்கள், ஸ்பார்க் பிளக் பதினாறு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பின் போல்ட்டுகள் உடையும். வால்வைத் தூக்கும் லிஃப்டர் போனால், அதைத் தள்ளும் தண்டான கேம்ஷாஃப்ட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். டேங்க் 18.5 காலன், வி6-இல் ஒரே டேங்கில் சிகாகோ போய்விடலாம். குளிரில் மைலேஜ் குறையும், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பின் சீட் விஷயத்துக்கு வருகிறேன். சேலஞ்சர், மஸ்டாங், கமாரோ மூன்றில் சேலஞ்சருக்குத்தான் பின் சீட் என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது. கால் வைக்க 33.1 அங்குலம். மஸ்டாங்கில் 29, கமாரோவில் 29.9. டிக்கியும் 16.2 கன அடி, ஸ்ட்ரோலர் மடக்கிப் போட்டாலும் இடம் மிஞ்சும். ஆனால் உள்ளே போகிற வழி ஒன்றுதான், முன் சீட்டைச் சாய்த்துக் குனிந்து நுழைய வேண்டும். கதவு நீளம். வண்டி அகலம் 75.7 அங்குலம். 9 அடி பார்க்கிங்கில் நடுவாக நிறுத்தினாலும் ஒரு பக்கத்துக்கு 16 அங்குலம்தான் கிடைக்கும். அந்த இடைவெளியில் தூங்குகிற குழந்தையைத் தூக்கி வெளியே எடுப்பது என்னவென்று யோசி. பின் ஜன்னல் திறக்காது. டெஸ்ட் டிரைவ் போகும்போது பின் சீட்டில் நீயே பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்.

அந்த ஓட்டைக் கரோலாவை 1,60,000 மைல் வரை இழுத்தவன் நீ. ஆயில் மாற்றிய தேதியெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தாய், இந்த வீட்டில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. அவ்வளவு பொறுப்பானவனுக்கு இரண்டு கதவு ஏன் என்று அம்மா கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

வண்டி பார்க்கக் காலையில் போ. இன்ஜினைச் சூடாக்கி வைக்காதே என்று முதல் நாளே சொல்லிவிடு. போனதும் பானெட்டில் கை வைத்துப் பார், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியோவை அணைத்துவிட்டுக் கேள். 'டிக் டிக்' என்று வந்து, சூடேறிய பிறகும் நிற்காவிட்டால் ராக்கர் ஆர்ம் உருளை தேய்ந்திருக்கும். அப்படியே ஓட்டினால் கேம்ஷாஃப்ட் போய்விடும்.

அடுத்தது ஆயில் ஃபில்டர் ஹவுசிங். வி6-இன் மேலே, இரண்டு ஹெட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் சாமான். மூடியில் 25 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். ஆயில் மாற்றுகிறவன் பலம் காட்டி இறுக்கினால் விரிசல் விடும், சூட்டிலும் தானாக வளையும். கசிகிற ஆயில் நடுப் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கமாக வழிந்து, கியர்பாக்ஸ் சேருமிடத்தில் சொட்டும். அதைப் பார்த்து இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் (ரியர் மெயின் சீல்) போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்குகிற ஷாப் உண்டு. முதலில் மேலே டார்ச் அடித்துப் பார்க்கச் சொல். மாற்ற வேண்டியிருந்தால் இன்டேக் இரண்டு அடுக்கையும் கழற்ற வேண்டும். அலுமினியத்தில் கிடைக்கிறது, அதையே போடு.

ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏற்றி இறக்கு. முன்னால் 'டக்' என்று சத்தம் வந்தால் முன் சக்கரத்தைப் பிடிக்கும் கம்பியின் ரப்பர் (டென்ஷன் ஸ்ட்ரட் புஷ்) தேய்ந்திருக்கிறது. விலையில் குறைக்கச் சொல்லலாம். பேட்டரி டிக்கியில்தான் இருக்கும், தரை விரிப்பைத் தூக்கித் தண்ணீர் நிற்கிறதா என்று பார். மினசோட்டாவிலேயே ஓடிய வண்டி என்றால் லிஃப்டில் ஏற்றி பிரேக் லைன்களில் உப்புத் துரு பார்க்காமல் பணம் கொடுக்காதே. சாவி இரண்டும் கேட்டு வாங்கு. இந்த வண்டிகளைத் திருடுகிறவர்கள் ஷாப்பில் கோளாறு பார்க்கும் கருவியை மாட்டுகிற ஓபிடி போர்ட்டில் மாட்டிப் புதுச் சாவி எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். தெருவில் நிறுத்துவதாக இருந்தால் ஸ்டியரிங் பூட்டு கட்டாயம். வாங்குவதற்கு முன்னாலேயே இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று கேட்டுவிடு, அதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

20 அங்குலச் சக்கரம் பார்க்க நன்றாக இருக்கும், உங்கள் ஊர்ப் பள்ளத்தில் ரிம் வளையும். 18 அங்குலம், 235/55 டயர் போதும். ஆல் வீல் டிரைவ் வி6-உடன் 2017-இலிருந்து வந்தது, கிடைத்தால் அதை எடு, ஹைவே மைலேஜ் 27-ஆகக் குறையும், பரவாயில்லை. எதுவானாலும் குளிர்காலத்துக்குத் தனி டயர் நான்கு. கோடை டயர் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே கல் மாதிரி ஆகிவிடும்.

2016-இல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ் மூன்று கார்களையும் மோதிப் பார்த்தது, டிரைவர் பக்க முன் மூலை மட்டும் இடிக்கும் சோதனை. கமாரோ நன்றாகத் தேறியது, மஸ்டாங் பரவாயில்லை, சேலஞ்சருக்கு அதற்கும் கீழே. முன் சக்கரம் பின்னால் தள்ளப்பட்டு, கால் வைக்குமிடம் 10 அங்குலம் உள்ளே வந்துவிட்டது. டிரைவர் இடத்தில் வைத்த பொம்மையின் இடது பாதம் தகட்டில் சிக்கிக்கொண்டது, போல்ட்டைக் கழற்றிக் காலைத் தனியாக எடுத்த பிறகுதான் பாதத்தை விடுவிக்க முடிந்தது. அதற்குப் பிறகும் 2023 வரை அதே கூடுதான். அந்தச் சோதனையில் பின் சீட்டில் யாரையும் வைப்பதில்லை. இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அதே ஆலை, அதே வி6, அதே கியர்பாக்ஸ், நான்கு கதவோடு சார்ஜர் என்று ஒன்றும் 2023 வரை செய்தார்கள். வாங்கு என்று சொல்லவில்லை. தெரிந்திருக்கட்டும்.

லோன் 84 மாதம் என்று டீலர் ஆரம்பிப்பான். 30,000 டாலர், 9 சதவீதம் என்றால் மாதம் 483 டாலர்தானே என்று இருக்கும். மொத்த வட்டி மட்டும் 10,500-ஐத் தாண்டும். 60 மாதத்துக்கு மேல் போகாதே, முன்பணம் குறைந்தால் என்னிடம் கேள். வக்கீல் செலவு உனக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

பின் சீட்டை மறுபடி சொல்கிறேன். டீலரிடம் போகும்போது கார் சீட்டையும் கையோடு எடுத்துப் போய் மாட்டிப் பார். கொக்கி ஓரத்து இரண்டு இடங்களிலும் இருக்கும், வலது பக்கம் மாட்டு. மேல் பட்டை பின் கண்ணாடிக்குக் கீழே மாட்ட வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள். பின்பார்த்து வைக்கும் சீட் என்றால் முன் சீட்டை நன்றாக முன்னால் தள்ள வேண்டியிருக்கும், நெட்டையானவர் அங்கே உட்கார முடியாது. பின்பார்த்து வைக்கிற சீட்டுகள் பல 40 பவுண்டு வரைக்கும்தான். எந்த சீட் பொருந்தும் என்று நான் பார்த்துச் சொல்கிறேன். அதற்கு ஆதவின் எடையும் உயரமும் வேண்டும். இப்போது எத்தனை பவுண்டு இருக்கிறான்? உனக்குத் தெரியாவிட்டால் அவன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா