ரீமேக் என்றாலே நகலா?

ஆசிரியருக்கு,

ரீமேக் படங்கள் எல்லாமே அசலைக் கெடுப்பவை என்று தங்கள் சினிமா பக்கக் கட்டுரை முடிவுகட்டியிருப்பது சரியல்ல. 2013இல் மலையாளத்தில் 'த்ரிஷ்யம்' எடுத்த ஜீத்து ஜோசஃபே 2015இல் தமிழில் 'பாபநாசம்' எடுத்தார். காட்சிகள் ஏறக்குறைய அவையேதான். ஆனால் மலையாளக் கதையின் நாயகன் ஜார்ஜ்குட்டி, தமிழில் நெல்லைத் தமிழ் பேசும் சுயம்புலிங்கமானதும் கதைக்கு வேறொரு ஊரே கிடைத்துவிட்டது. முடிவில் மோகன்லால் அடக்கி வாசித்த இடத்தில் கமல்ஹாசன் உடைந்து அழுகிறார். எனக்கு மோகன்லால் செய்ததுதான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

தென்காசியில் நான் படம் பார்த்தபோது, மலையாளத்தில் பார்த்து முடிவு தெரிந்த நண்பர்கள்கூட இருக்கை நுனியில்தான் இருந்தார்கள். இனி ரீமேக் படங்களுக்கு அசலைப் பார்த்தவர் ஒருவர், பார்க்காதவர் ஒருவர் என இருவரை விமர்சனம் எழுதச் சொல்லலாமே.

- வாசகர், தென்காசி