பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவுக்கு மூட்டு வலி முன்னைக்குத் தேவலாம். பண்ருட்டிப் பலா வந்துவிட்டது. நீ இல்லாததால் பாதிப் பழம்தான் வாங்கினேன்.

பிப்ரவரியில் நீ மறுபடியும், ஐஐடியில் மேல்படிப்பு சேர எழுதும் அந்த கேட் (GATE) தேர்வை எழுதியதைத் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பொங்கலுக்கு வந்து நான்கு நாள் இருந்தாய், வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த வீட்டில் யாருக்குத்தான் பேச வருகிறது!

விசாரித்தேன். ஐஐடியில் பிஎச்.டி.க்கு முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. நீ இப்போது வாங்குவதில் பாதிகூட இல்லை. 5 ஆண்டு ஆகும். ஆராய்ச்சிக்கு வழிகாட்டப்போகும் பேராசிரியர், அந்தக் கைடு எப்படிப்பட்டவர் என்று விசாரி. அவரிடம் முன்பு சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று அவர்களிடமே கேள். தலைப்பு பிடித்திருந்தால் மட்டும் போதாது. கைடை விசாரி.

பத்து வயதில் உன்னைப் புதுச்சேரிக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். நான் சிறுவனாக ஓடிய மணல் இருந்த இடத்தில் கருங்கல் கொட்டிக் கிடந்தது. மணல் எங்கே என்றாய். கடல் தின்றுவிட்டது என்றேன். ஏன் தின்றது என்று கடலூர் பஸ் நிலையம் வரை விடவில்லை. துறைமுகத்துக்குக் கட்டிய சுவர் தெற்கிலிருந்து வரும் மணலை மறிக்கிறது, அதனால் வடக்கே கரை அரிக்கிறது என்று பிற்பாடு நீயே படம் போட்டுக் காட்டினாய். அந்தப் படத்தை மஞ்சக்குப்பத்தில் நான் காட்டாத ஆள் இல்லை.

ஆனால் உனக்கு 28 வயது. அதையும் யோசி.

2022இல் கேட் மதிப்பெண்ணோடு வந்து நின்றாய். வீட்டுக் கடன் முடியட்டும் என்றேன். மதிப்பெண் 3 ஆண்டுதான் செல்லும் என்றாய். பார்க்கலாம் என்றேன். காலாவதியாகிவிட்டது. பாப்பா, அந்தக் கடன் 2021லேயே அடைந்துவிட்டது. அன்றைக்குப் பத்திரம் பீரோவில்தான் இருந்தது. முப்பது வயது வரை படிக்கிற பெண்ணுக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுவேன் என்று பயம். அதைச் சொல்லக் கூசிக் கடனைச் சொன்னேன். நீ மாதாமாதம் கடனுக்கென்று அனுப்பிய பணத்தில் மாடி எழுப்பினேன்.

திட்டுவதானாலும் போன் செய்து திட்டு. கைடை விசாரித்தாயா என்றும் சொல். கடன் எப்போது முடிந்தது என்று அம்மாவுக்குத் தெரியும். உன்னிடம் நான் என்ன சொன்னேன் என்பது தெரியாது. நீ சொல்லவேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா