கையேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து படி

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நன்றாகப் படிக்கிறவர்களுக்கென்று தனியாக நடத்துகிற ஆனர்ஸ் கல்லூரியில் சேரலாமா என்று கேட்டு நீ அனுப்பிய கையேட்டை முழுக்கப் படித்துவிட்டேன். போனில் நீ கேட்டதெல்லாம் உள்ளே நுழைவது பற்றித்தான். ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) போதுமா, கட்டுரையில் என்ன எழுதுவது, பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது என்று. சேர்ந்த பிறகு மூன்று வருடம் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது. போனில் பேசினால் நீ பாதியில் "சரிப்பா, கிளாஸுக்கு நேரமாச்சு" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சேர்க்கை. பள்ளி முடித்து நேராக வருபவர்களுக்குப் பள்ளி மதிப்பெண், கட்டுரை எல்லாம் பார்ப்பார்கள். பென்சில்வேனியாவில் பென் ஸ்டேட்டின் ஷ்ரையர் ஆனர்ஸ் கல்லூரி அவர்களிடம்கூட எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் எடுப்பதில்லை. நீயோ ஏற்கெனவே உன் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் படிக்கிறாய். உன் விஷயத்தில் பேசப்போவது முதல் செமஸ்டர் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது மதிப்பெண் பட்டியல்தான். ஜிபிஏ எல்லையைத் தாண்டிவிட்டாய், அதைப் பற்றி இனிக் கவலைப்படாதே.

பரிந்துரைக் கடிதத்துக்குக் கெமிஸ்ட்ரி பேராசிரியரைக் கேட்கப்போவதாகச் சொன்னாய். ஏ கொடுத்தார், சரி. அவ்வளவு பெரிய ஹாலில் உன் முகம் அவருக்குத் தெரியுமா? எழுத்துப் பயிற்சி வகுப்பு எடுக்கிறாரே ஒருவர், வரைவைத் திரும்பத் திரும்பத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார் என்று புலம்பினாயே, அவரிடம் கேள். உன் யோசனை எப்படி வளர்கிறது என்று பார்த்தவர் அவர்தான். குறைந்தது இரண்டு மூன்று வாரம் அவகாசம் கொடுத்து, உன் கட்டுரை வரைவையும் டிரான்ஸ்கிரிப்ட்டையும் சேர்த்துக் கொடு. கட்டுரையில் எப்போதும் முதல் மார்க் வாங்கினேன் என்று எழுதாதே. விண்ணப்பிக்கிற எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள்.

இனி பாடத்திட்டம். பட்டத்துக்கு உனக்கு 120 கிரெடிட் (பாட அலகு) வேண்டும். அதற்குள்ளேயே ஒரு பகுதி ஆனர்ஸ் கிரெடிட்டாக இருக்க வேண்டும். எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். அரிசோனா ஸ்டேட்டின் பேரட் கல்லூரியில் முதல் வருடமே சேருபவர்களுக்கு 36. உன்னைப் போல இடையில் சேருபவர்களுக்குப் பொதுவாகக் கொஞ்சம் குறைப்பார்கள். இதைத் தனிச் சுமையாக நினைக்கத் தேவையில்லை, எப்படியும் எடுக்கப்போகும் பாடங்களின் ஆனர்ஸ் பிரிவை எடுத்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும் என்று உன் தோழி சொன்னாளாம். அவளுக்கு அது சரி. உனக்குச் சரிவராது.

ஏனென்று சொல்கிறேன். ஆனர்ஸ் பிரிவுகள் அதிகம் இருப்பது பொதுப் பாடங்களில்தான். வரலாறு, இலக்கியம், உளவியல் அறிமுகம் மாதிரி. நீயோ பள்ளியிலேயே ஏபி என்கிற கல்லூரி நிலைத் தேர்வுகளை எழுதி அவற்றில் பலவற்றைத் தாண்டி வந்துவிட்டாய். ஏபி கிரெடிட் பட்டத்துக்குச் சேரும், ஆனர்ஸுக்குச் சேராது. ஆக, எளிதாகக் கிரெடிட் சேர்க்கிற இடங்கள் உனக்கு ஏற்கெனவே அடைபட்டுவிட்டன. மிச்சமிருக்கிற கிரெடிட்டை உன் முதன்மைப் பாடமான உயிரியலுக்குள்ளேதான் தேட வேண்டும். அங்கே ஆனர்ஸ் பிரிவுகள் குறைவு.

அதற்குத்தான் ஒப்பந்தம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சாதாரண வகுப்பில் எல்லோரோடும் உட்கார்ந்து படிப்பாய். கூடவே பேராசிரியரிடம் பேசி, நான் இதைக் கூடுதலாகச் செய்கிறேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வாய். செமஸ்டர் தொடங்கி முதல் சில வாரங்களுக்குள் படிவம் கொடுக்காவிட்டால் அந்த வாய்ப்பு போயிற்று. மொத்த ஆனர்ஸ் ஏற்பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கொஞ்சம் ஆபத்தானதும் இதுதான். பிடித்த பேராசிரியர் கிடைத்தால், வகுப்பு முடிந்ததும் அவர் அறையில் உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து விவாதிக்கலாம். ஆர்வமில்லாதவராக இருந்தால், கடைசியில் பத்துப் பக்கம் கூடுதலாக எழுதிக் கொடு என்று முடித்துவிடுவார். வெறும் பத்துப் பக்கத்துக்காக ஒப்பந்தம் போடாதே. அதற்குப் பதில் மூன்றாம் வருடத்தில் ஒரு முதுகலைப் பாடம் எடு. பல இடங்களில் அதையும் ஆனர்ஸாக எண்ணுவார்கள், உங்கள் இடத்தில் எப்படி என்று கேட்டுக்கொள்.

பாஸ்-ஃபெயில் முறையில் எடுத்த பாடம் பெரும்பாலும் ஆனர்ஸுக்குச் சேராது. பி-க்குக் கீழே வாங்கினாலும் பல இடங்களில் சேராது. இதெல்லாம் கையேட்டில் சின்ன எழுத்தில் இருக்கும்.

சரி, இப்போது தீசிஸ், அதாவது கடைசியில் நீ எழுத வேண்டிய ஆய்வேடு. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பதை நீ இன்னும் எட்டவில்லை என்று நினைக்கிறேன். அங்கிருந்துதான் நீ படிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். ஒரு பேராசிரியரை வழிகாட்டியாகப் பிடித்து, இரண்டாவதாக இன்னொருவரையும் வாசிக்கச் சம்மதிக்க வைத்து, ஆய்வுத் திட்டம் எழுதி, ஒரு வருடம் வேலை செய்து, அவர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். மற்ற தேவைகளையெல்லாம் முடித்துவிட்டு இந்த இடத்தில் நின்றுவிடுகிற பிள்ளைகள் உண்டு. அறிவு போதாமல் அல்ல, காலண்டரைப் பார்க்காமல்தான்.

உன் காலண்டரையே எடுத்துக்கொள். மூன்றாம் வருடம் இரண்டாம் செமஸ்டர் வெளிநாட்டில் படிக்க ஆசைப்படுகிறாய். பிள்ளைகள் வழிகாட்டியைத் தேடி அலைவதும் திட்டம் எழுதுவதும் அந்தச் சமயத்தில்தான். போய்விட்டு நான்காம் வருடம் திரும்பி வந்து கதவைத் தட்டினால், நல்ல ஆய்வகங்களில் இடம் நிரம்பியிருக்கும். அதனால் வெளிநாடு போக வேண்டுமானால், இரண்டாம் வருடமே ஓர் ஆய்வகத்தில் நுழைந்து, விமானம் ஏறும் முன் வழிகாட்டியை உறுதி செய்துவிடு. இன்னொன்று, மனிதர்களிடம் சர்வே எடுக்கிற ஆய்வாக இருந்தால், தகவல் சேகரிக்கும் முன்பே ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எடுத்துவிட்டு அப்புறம் போய்க் கேட்டால் கொடுக்க மாட்டார்கள்.

இந்த ஆனர்ஸ் வழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஃப்ராங்க் ஐடெலாட் என்பவர் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போய்ப் படித்தவர். 1921-இல் அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரிக்குத் தலைவரானார். அடுத்த வருடமே அங்கே ஆனர்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். கடைசி இரண்டு வருடம் சின்னக் குழுவாக செமினார், முடிவில் தேர்வு நடத்த வெளியிலிருந்து ஆட்கள். சொல்லிக்கொடுத்தவர் மதிப்பிடுவதில்லை. இன்றைக்கும் அங்கே வெளியாட்கள்தான் வந்து கேள்வி கேட்கிறார்கள். எனக்கு அந்த முறைதான் பிடிக்கும். உங்கள் இடத்தில் அது இல்லை என்பதால், உன் இரண்டாவது வாசகரை நீயே பார்த்துப் பிடி. முதல் ஆளுக்கு நெருங்கிய நண்பராக இல்லாமல், நன்றாகக் கேள்வி கேட்கிறவராக.

அம்மா "சம்மா கம் லாடே வாங்கினாலே போதுமே, இது எதற்கு" என்கிறாள். அது வேறு கணக்கு. பட்டத்தோடு சேர்த்துத் தருகிற அந்த மாதிரி லத்தீன் சிறப்புத் தகுதிகள் பெரும்பாலான இடங்களில் ஜிபிஏவை வைத்து வருவது, அதற்கு ஆனர்ஸ் கல்லூரியில் சேர வேண்டியதில்லை. துறை தருகிற ஆனர்ஸ் இன்னொன்று. உனக்கு வேண்டியது மேடையில் பெயருக்குப் பின்னால் ஒரு வார்த்தை என்றால், அம்மா சொல்வதுதான் சரி.

முன்கூட்டியே பாடங்களைப் பதிவு செய்யலாம் என்று ஒரு சலுகை போட்டிருக்கிறார்கள். நீ அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப் இடங்களுக்கு நடக்கிற அடிதடியைப் பார்த்தால் அதன் அருமை தெரியும். ஆனர்ஸ் விடுதியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இப்போதைய ரூம்மேட்டோடு நன்றாக இருக்கிறாய் என்றால் மாறாதே, கட்டாயமா என்று மட்டும் கேட்டு வை.

சேர்ந்த பிறகு ஜிபிஏ இறங்கினால் என்ன ஆகும் என்று பயந்தாய். ஷ்ரையரில் 3.40, பேரட்டில் 3.25 என்று வைத்திருக்கிறார்கள். கீழே போனால் பெரும்பாலும் ஒரு செமஸ்டராவது அவகாசம் கொடுத்துத்தான் வெளியே அனுப்புவார்கள். நீயாக விலகினாலும் படித்த பாடங்கள் பட்டத்துக்கு அப்படியே இருக்கும். ஸ்காலர்ஷிப் ஆனர்ஸோடு கட்டியிருந்தால் மட்டும் நிதி உதவி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்.

என்னைக் கேட்டால் விண்ணப்பி. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. உங்கள் நூலகத்தில் பழைய ஆனர்ஸ் தீசிஸ்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள். உயிரியலில் இரண்டு எடுத்து முழுக்கப் படி. இப்படி ஒன்றை எழுத ஆசை வருகிறதா, இல்லை மலைப்பு மட்டும்தான் வருகிறதா என்று பார். ஆசை வந்தால் எழுத்துப் பயிற்சி ஆசிரியரிடம் இந்த வாரமே போய்க் கேள். வராவிட்டால் கடைசித் தேதியை விட்டுவிடு, நானோ அம்மாவோ ஏன் என்று கேட்க மாட்டோம்.

கட்டுரை வரைவை அனுப்பினால் படிக்கிறேன், திருத்த மாட்டேன்.

அன்புடன்,
அப்பா