பிளேனோவிலிருந்து பெரியப்பாவுக்கு

பிளேனோ, டெக்சாஸ்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். பெரியம்மாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? வேலூருக்கு அழைத்துப் போய்க் காட்டினீர்களா?

போனில் பேசும்போதெல்லாம் நீங்கள் ஒன்றைத்தான் கேட்கிறீர்கள். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுடுகிறான், கடைத்தெருவில் சுடுகிறான், அந்த ஊர் ஜனங்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டு இருக்கிறார்கள்?" நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் மாப்பிள்ளை வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வைக்கலாம் என்கிறார். கிரீன் கார்டு வந்துவிட்டதால் சட்டம் தடுக்காது. உங்களிடம் யோசனை கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் நான் இங்கே பார்த்ததை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

உங்களுக்குத் துப்பாக்கி புதிதில்லை. பட்டாளத்திலிருந்து வந்து வங்கிக் காவலுக்குச் சேர்ந்தபோது, அந்த இரட்டைக்குழல் துப்பாக்கியின் லைசென்சுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தீர்கள் என்று பெரியம்மா இப்போதும் சொல்வார். வேலையை விட்ட பிறகு, தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவீர்கள். இங்கே டெக்சாசில் துப்பாக்கி வாங்க லைசென்ஸ் தேவையில்லை. சாதாரணத் துப்பாக்கிக்கு அரசாங்கப் பதிவேடு என்று ஒன்று கிடையாது. கடையில் அடையாள அட்டையைக் காட்டி ஒரு படிவம் நிரப்பினால், எஃப்.பி.ஐ. கணினியில் குற்றப் பின்னணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் சில நிமிட வேலை. தன்னிடம் இருப்பதை ஒருவர் இன்னொருவருக்குத் தனிப்பட்ட முறையில் விற்றால் அந்தச் சோதனைகூடக் கட்டாயம் இல்லை. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதான, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாம். என் கடைக்குள் வேண்டாம் என்று நினைக்கிறவர் வாசலில் பலகை வைக்க வேண்டும். அந்தப் பலகையின் எழுத்து ஓர் அங்குலத்துக்குக் குறையக்கூடாது, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். காய்கறி வாங்கப் போகும் இடத்தில்கூட அதைப் பார்க்கிறேன்.

மக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் மட்டும் சுமார் 39 கோடி என்று 2017-ல் ஒரு கணக்கு வந்தது. நாட்டின் ஜனத்தொகையைவிட அதிகம். அதற்காக எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பெரியவர்களில் மூன்றில் ஒருவர்தான் தன்னிடம் துப்பாக்கி உண்டு என்கிறார். இருப்பவரிடம் பல இருக்கின்றன.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர். அறுபது வயதைத் தாண்டியவர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நாங்கள் குடிவந்த அன்றே அவர் மனைவி கேக் கொண்டுவந்து கொடுத்தார். 2021 பிப்ரவரியில் பனி விழுந்து மின்சாரம் போனபோது, அவர்கள் வீட்டுக் கணப்படுப்புக்கு முன்னால்தான் எங்கள் குழந்தை தூங்கினாள். நவம்பர் பிறந்தால் மான் வேட்டைக்குப் போவார். அப்பாவோடு முதல் தடவை காட்டுக்குப் போனது, அவர் விட்டுப்போன ரைஃபிளை இன்றும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருப்பது, இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகமே மாறிவிடும். அவர் வளர்ந்த பண்ணைக்கு ஷெரீஃப் வண்டி, அதாவது போலீஸ் வண்டி, வந்து சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். "கதவை உடைத்துக்கொண்டு ஒருவன் வந்தால் அந்த அரை மணி நேரம் நான் என்ன செய்வது?" என்று என்னைக் கேட்டார். பொறுப்பான கேள்விதான். கொலைவெறி பிடித்த ஜனங்கள் என்று ஊரில் யாராவது பேசினால் அதை ஒத்துக்கொள்ளாதீர்கள், பெரியப்பா. நான் இங்கே நம்பிக் குழந்தையை விட்டுவிட்டு வரும் வீடுகளில் ஒன்று அது.

துப்பாக்கி வைத்திருப்பது இவர்களுக்கு உரிமை. 1791-ல் அரசியல் சாசனத்தில் சேர்த்த இரண்டாம் திருத்தம் அது. அந்தத் திருத்தம் குடிமக்களே சேர்ந்து அமைக்கும் குடிப்படையைப் பற்றியும் பேசுவதால், தனிமனிதருக்கு அந்த உரிமை உண்டா என்று நீண்ட காலம் வாதம் நடந்தது. உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆனால் ஜனங்களின் மனம் எப்போதும் இப்படியே இருந்ததில்லை. 1959-ல் கேலப் நிறுவனம் கருத்துக் கேட்டபோது, போலீஸ் போன்ற அதிகாரம் பெற்றவர்களைத் தவிர வேறு யாரிடமும் கைத்துப்பாக்கி இருக்கக்கூடாது என்று 60 சதவீதம் பேர் சொன்னார்கள். சமீப ஆண்டுகளில் அதே கேள்விக்கு அப்படிச் சொல்பவர்கள் முப்பது சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று 1999-ல் கேட்டபோது உடைமையாளர்களில் பாதிப்பேர் வேட்டைக்கு என்றார்கள், கால்வாசிப் பேர் பாதுகாப்புக்கு என்றார்கள். 2023-ல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது பாதுகாப்புதான் முக்கியக் காரணம் என்றவர்கள் 72 சதவீதம். கேள்வி கேட்ட விதம் வேறு என்றாலும் திசை தெரிகிறது. மானைத் தேடிப் போனவர்கள் இப்போது வாசற்கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தப் பயம் எனக்குச் சாதாரணமாகப் படவில்லை. 2023 ஏப்ரலில் ஒரே வாரத்துக்குள் மூன்று சம்பவங்கள். கான்சாஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயதுப் பையன் தவறான வீட்டில் மணியடித்தான், கதவுக்கு உள்ளேயிருந்து சுட்டுவிட்டார்கள். பிழைத்துக்கொண்டான். நியூயார்க் மாநிலத்தில் வழி தவறி ஒரு வீட்டு வளாகத்துக்குள் திரும்பிய காரில் இருந்த 20 வயதுப் பெண் செத்துப் போனாள். இங்கே டெக்சாசிலேயே எல்ஜின் என்ற ஊரில், தங்கள் கார் என்று நினைத்து வேறு காரின் கதவைத் திறந்த பெண்பிள்ளைகள் சுடப்பட்டார்கள். நம் ஊரில் முகவரி தெரியவில்லை என்றால் முதலில் கண்ணில் படும் வீட்டுத் திண்ணைக்குப் போய்க் கேட்போம், தண்ணீரும் கொடுப்பார்கள். என் மகளிடம் அப்படிச் செய்யாதே என்று சொல்லி வளர்க்கிறேன். சொல்லும்போது மனசு கேட்பதில்லை.

அதற்கு அடுத்த மாதம், மே 6-ஆம் தேதி, சனிக்கிழமை, ஆலன் ஊரில் இருக்கும் பெரிய கடை வளாகத்தில் ஒருவன் சுட்டதில் எட்டுப் பேர் செத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கின இடம். செத்தவர்களில் குழந்தைகள் உண்டு, நம் நாட்டிலிருந்து வந்து வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணும் உண்டு. வேறு வேலையாக அங்கே வந்திருந்த ஒரு போலீஸ்காரர் சத்தத்தை நோக்கி ஓடி அவனைச் சுட்டு வீழ்த்தினார். அன்று ராத்திரி எங்கள் தெருவில் எல்லாரும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். எதிர்வீட்டு ஆசிரியை, "இனியாவது இந்தத் துப்பாக்கிகளைக் குறைக்க வேண்டும்" என்று அழுதார். பக்கத்து வீட்டுக்காரர், "அந்தப் போலீஸ்காரர் கையில் துப்பாக்கி இருந்ததால்தான் எட்டோடு நின்றது" என்றார். இருவரும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். இருவருக்கும் தொண்டை அடைத்திருந்தது. மாப்பிள்ளைக்குத் துப்பாக்கி எண்ணம் வந்ததும் அந்த ராத்திரிதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இவர்கள் பொறுத்துக்கொண்டு இருக்கவில்லை. இதே டெக்சாசில் இருக்கும் யுவால்டி ஊர்ப் பெற்றோரைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். 2022 மே 24 அன்று அங்கே ஆரம்பப் பள்ளியில் ஒருவன் சுட்டதில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் செத்தார்கள். நூற்றுக்கணக்கான போலீசார் வந்து சேர்ந்தும் 77 நிமிடம் கழித்துத்தான் அவனை முடித்தார்கள். அவனுக்கு 18 வயது. பிறந்தநாள் வந்ததும் கடையில் சட்டப்படியே ரைஃபிள் வாங்கியிருந்தான். அந்த வகை ரைஃபிளை வாங்கும் வயதை 21 ஆக்குங்கள் என்று கேட்டு, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் இருக்கும் சட்டசபைக்கு நடையாய் நடந்தார்கள். ஆலன் சம்பவம் நடந்து இரண்டாம் நாள் அந்த மசோதா குழுவில் 8-க்கு 5 என்று தேறியது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டைப் பெரும்பாலும் எதிர்க்கும் ரிபப்ளிகன் கட்சியிலிருந்தே இரண்டு பேர் ஆதரித்தார்கள். அப்புறம் கெடு தேதிக்குள் சபைக்கே அது வரவில்லை, அத்தோடு போயிற்று. அதே மாநில அரசு அந்த வருடமே, ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் ஆயுதம் தாங்கிய காவலர் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. தனியார் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை வேண்டும் என்பதில் நாட்டில் பத்துக்கு எட்டுப் பேருக்குமேல் ஒத்துப்போகிறார்கள். சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் செத்த பிறகு, 2013-ல் அதற்கு நெருங்கிய ஒரு மசோதா செனட்டில் 54 ஓட்டு வாங்கியும் தோற்றது, ஏனென்றால் 60 தேவை. 2022 ஜூனில்தான் இரண்டு கட்சியும் சேர்ந்து ஒரு சிறிய சட்டமாவது கொண்டுவந்தார்கள். கருத்துக் கேட்டால் தலையாட்டுகிறவர் தேர்தலில் விலைவாசியைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார். துப்பாக்கியை நேசிப்பவர் அதற்காகவே ஓட்டுப் போடுகிறார். நான் புரிந்துகொண்டது இதுதான்.

மகளின் பள்ளியில், துப்பாக்கியோடு யாராவது வந்தால் ஒளிந்துகொள்வதற்கு லாக்டவுன் பயிற்சி நடத்துகிறார்கள். விளக்கை அணைத்து, கதவிலிருந்து தெரியாத சுவரோரம் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். வீட்டுக்கு வந்து, இன்று நாங்கள் நன்றாக அமைதியாக இருந்தோம் என்று டீச்சர் பாராட்டினார் என்றாள். அவளுக்கு அது தீயணைப்புப் பயிற்சி மாதிரி.

ஆனால் பெரியப்பா, செய்தியில் வருவது இதில் சிறு பங்குதான். 2022-ல் இந்த நாட்டில் துப்பாக்கியால் செத்தவர்கள் சுமார் 48,000 பேர். அதில் 27,000 பேர், அதாவது பாதிக்குமேல், தற்கொலை. ஒரே நேரத்தில் பலரைச் சுடும் சம்பவங்களில் சாகிறவர்கள் மொத்தத்தில் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். தற்கொலைகளைப் பற்றி யாரும் வாசலில் நின்று பேசுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் எங்கள் வீட்டு வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது தானாகவே சொன்னார். அவர் அண்ணன் மகன் அப்படித்தான் போனானாம், கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் பாதுகாப்புக்கென்று இருந்த துப்பாக்கியால். இருபத்திரண்டு வயது. வேலை போயிருந்தது, குடித்திருந்தான். மறுநாள் காலையில் தெளிந்திருப்பான் என்றார். அதற்குப் பிறகுதான் இவர் எல்லாவற்றையும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பூட்டைத் திறக்கும் எண்ணை மனைவிக்கு மட்டும் தெரியும்படி மாற்றினார். துப்பாக்கியை விடவில்லை. விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கலிபோர்னியாவில் கோடிக்கணக்கான ஜனங்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2020-ல் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது மற்ற ஆண்களைவிட எட்டு மடங்கு அதிகம். கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களோடு அதே வீட்டில் வாழ்கிறவர்கள் கொலையாவதும் இரண்டு மடங்குக்குமேல் என்று அதே குழு பிறகு கண்டது. இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். "அது மற்றவர்கள் வீட்டில்" என்றார். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தன் வீட்டில் கோபமோ மனச்சோர்வோ வரும் என்று எண்ணி யார் வாங்குகிறார்கள்?

நான் இப்போது ஒன்று செய்கிறேன். மகள் வேறு வீட்டுக்கு விளையாடப் போகுமுன், உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்டுவிடுகிறேன். முதலில் கூச்சமாக இருந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு தாய் உடனே போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தார். நம் தமிழ்க் குடும்பங்களிடமும் கேட்கிறேன், ஏனென்றால் நம்மவர்களும் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள், அவர்கள்தான் அதைப் பற்றிப் பேசத் தயங்குகிறார்கள்.

மாப்பிள்ளை பயந்துபோய்க் கேட்கிறார், வீம்புக்காக இல்லை. அதனால் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். நீங்கள் குழலைக் கழற்றித் தனியாகவும் தோட்டாவை பீரோவில் பூட்டியும் வைத்திருந்தீர்கள், சாவி உங்கள் இடுப்பில் இருக்கும். அப்படி இருந்தும் ஒரு வருடம் திடீரென்று லைசென்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் தொழில் நொடித்து, சாப்பிடாமல் மாடியிலேயே கிடந்த வருடம் அது. அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அப்படியென்றால் அதை அவரிடம் சொல்லுங்கள். என் கணக்கையெல்லாம் கேட்டு மறந்துவிடுவார், நீங்கள் சொன்னால் கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் நேரத்துக்குக் கூப்பிடுகிறோம். பெரியம்மாவுக்கும் அண்ணன், அண்ணிக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாப்பா