சத்தமில்லாமல் படுத்திருக்கும் பெரியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இடுப்பெலும்பு முறிவு, பக்கவாதம் என்று சேலம் மருத்துவமனைகளில் சேரும் முதியவர்களுக்கு மனச்சோர்வும் சேர்ந்தே வருவதுண்டு. காலையில் வைத்த இட்லி மதியம்வரை காய்ந்து கிடக்கும். கேட்டால் "மனசு சரியில்லை" என்று வராது. "சோறு எறங்கல, நெஞ்ச அடைக்குது" என்றுதான் வரும். தொந்தரவு தராத நோயாளி என்பதால் ரவுண்ட்ஸ் அவர் கட்டிலைத் தாண்டிப் போய்விடும். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று வீட்டாரும் விட்டுவிடுவார்கள்.

ஓரிரு நாளில் திடீரென்று அடங்கிப்போனவரை மட்டும் மனச்சோர்வு என்று முடிவுகட்டக் கூடாது. கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள். சனி, வெள்ளி என்று தொடங்கி நடுவில் தடுமாறினால், காலையில் தெளிவும் மாலையில் குழப்பமுமாக இருந்தால், அது டெலிரியமாக, அதாவது உடல்நோயாலோ மருந்தாலோ திடீரென வரும் மனக்குழப்பமாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்றா, மலச்சிக்கலா, புதிதாகக் கொடுத்த தூக்க மாத்திரையா என்று காரணம் தேட வேண்டும்.

குழப்பமில்லாமல் சோர்வு மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், ஆம்-இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோல் இருக்கிறது. மதிப்பெண் 5-ஐத் தாண்டினால் மனநல மருத்துவரைக் கூப்பிட வேண்டும். காது மெஷினை மாட்டிவிட்டு, மகனையும் மருமகளையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகவே கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. தைராய்டு, வைட்டமின் பி12, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது.

மனச்சோர்வு மாத்திரைகளில் எஸ்சிடாலோபிராம் என்றால் 5 மி.கி.யில் தொடங்குவார்கள், இந்த வயதில் வழக்கமாக 10-ஐத் தாண்டுவதில்லை. தூக்கமும் பசியும் போனவருக்கு இரவில் மிர்டாசபின் என்ற இன்னொரு மாத்திரை 7.5 மி.கி. பொருந்தும். கோளாறு பெரும்பாலும் ரத்தத்தில் உள்ள சோடியத்தில். பிரஷருக்குத் தயசைடு வகை நீர் மாத்திரை சாப்பிடுபவருக்கு எஸ்சிடாலோபிராமும் சேர்ந்தால் சோடியம் இறங்கி, தள்ளாடி விழுவார். "மனநோய் மாத்திரை ஒத்துக்கல" என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். தொடங்குமுன் ஒருமுறை, இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை சோடியம் பார்த்தால் இது முன்பே தெரிந்துவிடும். ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ கூட இருந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், அதற்கும் பாதுகாப்பு வேண்டும். பழைய மனச்சோர்வு மாத்திரையான அமிட்ரிப்டிலின் சிறுநீரை அடைக்கும். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் அல்பிரசோலாம் இரவில் கழிவறைக்குப் போகும்போது விழவைக்கும். அதைத் தாராளமாக எழுதும் வழக்கம் இன்னும் போகவில்லை.

பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுதும் தெரிய 8 வாரம்கூட ஆகும். டிஸ்சார்ஜோ ஒரு வாரத்தில். ஏற்காட்டு மலைக்கிராமத்துக்காரர் ஒரு ரத்தப் பரிசோதனைக்காக 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருவாரா? பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மனச்சோர்வு மாத்திரையையும் சேர்த்து, ரத்தத்தை மலையிலேயே எடுத்துக் கீழே அனுப்பலாம். தோட்டத்துப் பூச்சிமருந்தை எட்டாத இடத்தில் பூட்டிவைக்கச் சொல்வதும், மனநல உதவிக்கான டெலிமானஸ் தொலைபேசி எண் 14416-ஐக் குறித்துக் கொடுப்பதும் டிஸ்சார்ஜ் அன்றே முடிகிற வேலை. அடுத்த சோடியம் பரிசோதனை எந்தத் தேதி, வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார் என்ற இரண்டையும் டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுத உத்தரவிட வேண்டும்.

முதியோர் வார்டு செவிலியர்கள்,
சேலம்.