ஜார்ஜ் டவுனைச் சொல்லித் தந்தவர்களுக்கு எங்கள் நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வந்த விருந்தினர்களோடு, மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள எங்கள் ஜார்ஜ் டவுனில் நாங்கள் நடத்திய நகர உலா நல்லபடியாக முடிந்தது. காலையில் கிளம்பிய கூட்டம், மதியச் சாப்பாடு முடிந்தும் கலைய மனமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தது. அன்று சொன்ன கதைகளெல்லாம் நீங்கள் கொடுத்தவை. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொன்னாலும், ஊரறியச் சொல்லாவிட்டால் எங்களுக்கு நிம்மதி இல்லை.

அடிலெய்டும் ஜார்ஜ் டவுனும் 1973 முதல் சகோதர நகரங்கள். உறவு அதைவிடப் பழையது. 1786-இல் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றியவர் பிரான்சிஸ் லைட். அவருடைய மகன் வில்லியம் லைட்தான் பின்னாளில் அடிலெய்டுக்கு இடம் தேர்ந்து, தெருக்களை அளந்து வகுத்தவர். கார்ன்வாலிஸ் கோட்டையில் உள்ள தகப்பன் சிலைக்கு மகனின் முகச்சாயலைத்தான் வைத்தார்கள் என்று சொல்வதுண்டு. விருந்தினர்கள் அந்தச் சிலையை விட்டு நகரவே இல்லை! ஆனால் அந்தச் சிலையோடு எங்கள் ஊர்க்கதை முடிந்துவிடக் கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தோம்.

அதற்கு வழிகாட்டியவர் நூலகத்து அக்கா. லைட் 1794-இல் எழுதிய கடிதப் பகுதியைத் தேடி எடுத்து, பிரதியும் எடுத்துத் தந்தார். சோழமண்டலக் கரைக் கப்பல்களில் ஆண்டுக்கு 1300 முதல் 2000 பேர் வந்து இறங்குகிறார்கள், வியாபாரமோ கூலிவேலையோ பார்த்து நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள், அவர்கள் இடத்துக்கு அடுத்த கூட்டம் வருகிறது என்று லைட்டே எழுதியிருக்கிறார். எங்கள் உலாவுக்கு உயிர் கொடுத்தது அந்த நாலு வரிதான். அக்கா, மிக்க நன்றி.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் எங்களோடு நின்று பேசிய நானாவுக்கு நன்றி. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் 1801-இல் எழுப்பிய பள்ளிவாசல் அது. அதே சாலையை ஒட்டிப் புனித ஜார்ஜ் தேவாலயமும் சீனர்களின் குவான் யின் கோயிலும் இருக்கின்றன. பக்கத்துத் தெருவுக்குத் திரும்பினால் 1833-இல் கட்டிய மாரியம்மன் கோயில். நானா பேசி முடித்த கையோடு தன் செலவில் எல்லோருக்கும் நாசி கண்டார் வாங்கித் தந்தார். அந்தக் காலத்தில் தோளில் காவடித் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சாப்பாடு அது என்று அவர் விளக்கும்போதே, கடைக்காரத் தம்பி மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிச் சோற்றையே மறைத்துவிட்டார். ஒரு தட்டிலும் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி, சிறு பிள்ளையாக இங்கே வந்திறங்கிய தாத்தாவுக்கு வணக்கமும் நன்றியும். உடம்புக்கு முடியாத நிலையிலும் பேச ஒத்துக்கொண்டீர்கள்.

எங்கள் மனதை அதிகம் தொட்டது பாயான் லெப்பாஸ் அக்காவின் பேச்சு. 1969-இல் தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதி போனதும் பினாங்கில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடியது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தபோது, மின்னணுத் தொழிற்சாலைகள் இளம்பெண்களைத்தான் கூட்டங்கூட்டமாக வேலைக்கு எடுத்தன. அக்கா அக்கரையில், அதாவது தீவுக்கு எதிரே உள்ள நிலப்பகுதியில், தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அப்போது பாலம் கிடையாது, அது 1985-இல்தான் வந்தது. விடியுமுன் ஃபெரி பிடித்து, அப்புறம் ஃபேக்டரி பஸ். ஷிப்டு முழுக்க நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மின்னணுச் சில்லில் (சிப்) இணைக்க வேண்டும். "கை நடுங்கினா சில்லு போச்சு" என்றார். அவர் சம்பளத்தில் தம்பி தங்கைகள் படித்தார்கள். கப்பலை நம்பியிருந்த தீவு சில்லுகளால் பிழைக்கத் தொடங்கிய கதையை எந்த அருங்காட்சியகமும் எங்களுக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

வாடகையை ஏற்றவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போனபின் 2000-இல் கடைவீட்டை விட்டு வெளியேறிய தையற்காரர் குடும்பத்துக்கும் நன்றி. பழைய வீட்டு வாசலில் நின்று பேச அவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ் டவுன் சேர்ந்ததில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் போய்விட்ட தெருவில், சுவருக்கு வண்ணம் பூசுவது மட்டும் பாதுகாப்பாகாது. குடியிருப்பவர்களையும் காப்பாற்ற வேண்டும் என்று மாநகர மன்றத்துக்கும் எழுதப்போகிறோம்.

படகுத்துறைக் குடியிருப்பில் மரப்பலகைப் பாதையில் பத்திரமாக அழைத்துப்போன சீனப் பாட்டிக்கும், நீங்கள் பேசியதை ஆங்கிலத்தில் சொன்ன கல்லூரிப் பிள்ளைகளுக்கும், வெயிலில் குடையும் தண்ணீரும் சுமந்து வந்த தம்பிகளுக்கும் நன்றி. குடும்பப் படங்களை நம்பிக் கொடுத்தவர்களே, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டோம். இந்த வாரம் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம். உங்கள் பேச்சின் ஒலிப்பதிவும் கூடவே வரும். பெயரோ ஊரோ தவறாகப் பதிந்திருந்தால் அப்போதே சொல்லுங்கள், சரிசெய்த பிறகுதான் அடிலெய்டுக்குப் பிரதி அனுப்புவோம்.

அன்புடன்,
நகர உலாக் குழுவினர், பினாங்கு