சேகரின் டிங்கிக்கு ஒரு மோட்டார்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தோள் ஓரளவு தேறிவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் அடுத்த வரியிலேயே, இனிமேல் துடுப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். முப்பது வருஷமாக நீ துடுப்புப் போட, எதிரே உட்கார்ந்து வந்தவன் நான். அந்த வரியைத் தாண்டிப் போகவே கொஞ்ச நேரம் ஆனது. அந்தச் சின்ன டிங்கிப் படகை விற்காமல் மோட்டார் மாட்டலாம் என்று முடிவெடுத்தாயே, அதற்காகவே உன்னை வந்து கட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கே எல்லாரும் நலம். மகள் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். அதனால் முன்னைவிட அதிகமாகத் தண்ணீரில் இருக்கிறோம். அவளுடைய அம்மா இப்போது என்னைவிட நேராகப் படகு ஓட்டுகிறாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கடைக்காரர் ஆறு ஹெச்.பி.தான் வேண்டும் என்கிறார், இரண்டரை போதுமா என்று கேட்டிருந்தாய். உன் படகு பத்தடி. தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீளம் ஒன்பது அடி என்று வை. அந்த அடிக்கணக்கின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், அந்தப் படகு சிரமமில்லாமல் போகக்கூடிய வேகம் நாட் என்ற கடல்வேகக் கணக்கில் வரும். உனக்கு அது நான்கு நாட், அதாவது மணிக்கு ஏழரை கிலோமீட்டர். அதற்கு மேல் முடுக்கினால் படகு தானே எழுப்பிய அலையின் மேல் ஏறப் பார்க்கும்; மூக்கு தூக்கும், பின்பக்கம் அமுங்கும், பெட்ரோல்தான் கரையும். தண்ணீர் மேல் எழும்பிச் சறுக்கிப் போகிற மாதிரிக் கட்டிய படகு வேறு; ரப்பர் படகில் இரண்டு பேரோடு அப்படிப் போக எட்டு, பத்து ஹெச்.பி. வேண்டும். உன்னுடையது உருண்ட வயிற்று மரப் படகு. இரண்டரை ஹெச்.பி. அதை அந்த நான்கு நாட் வேகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும். எதிர்காற்று பலமாக அடிக்கும் நாளில் மட்டும் கூடுதல் பலம் இருந்தால் நல்லது என்று தோன்றும். அப்படிப்பட்ட நாளில் நீ போகவே வேண்டாம்.

விற்கும்போது எடையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஆறு ஹெச்.பி. நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் 25 கிலோவுக்கு மேல் வரும். சில கம்பெனிகளில் நாலு, அஞ்சு, ஆறு மூன்றும் ஒரே எஞ்சின்தான். தோஹாட்சுவில் மூன்றுக்கும் அதே 123 சிசி ஒற்றை சிலிண்டர். நாலு வாங்கினாலும் ஆறின் எடையைத்தான் தூக்குவாய். நானும் முதலில் அந்த அளவில்தான் வாங்கினேன். ஒரு சாயங்காலம் படகிலிருந்து துறைமேடைக்கு அதைத் தூக்கிக் கொடுத்தபோது, ஒரு கால் படகில், ஒரு கால் மேடையில். படகு மெதுவாக விலக ஆரம்பித்தது. கையில் 26 கிலோ இருக்கும்போது எதையும் பிடிக்க முடியாது, விடவும் முடியாது. அன்றைக்கு மேடையில் இருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் மோட்டாரோடு நானும் உள்ளே போயிருப்பேன். அந்தத் தோளோடு உன்னை அந்த நிலையில் நினைத்துப் பார்க்கவே எனக்கு முடியவில்லை.

1909-இல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் விற்க ஆரம்பித்த படகு மோட்டாருக்கு ஒன்றரை ஹெச்.பி., எடை 62 பவுண்டு, கிட்டத்தட்ட 28 கிலோ. இன்றைக்கு சுசுகியின் இரண்டரையும் ஹோண்டாவின் 2.3-ம் சுமார் 14 கிலோதான். யமஹாவின் இரண்டரை அதைவிட ஒரு மூன்று கிலோ கூட. பெட்ரோல் என்றால் நீ பார்க்க வேண்டியது இந்த அளவுதான். ஹோண்டா 2.3 காற்றிலேயே குளிர்வது. தண்ணீர் பம்ப் கிடையாது, அதன் ரப்பர் இம்பெல்லரை மாற்றும் வேலையும் கிடையாது. ஆனால் சத்தம் அதிகம். விடியற்காலையில் தூண்டிலோடு போகிறவன் நீ, அதை யோசித்துக்கொள். இந்தச் சின்ன மோட்டார்களில் ரிவர்ஸ் கியர் இருக்காது. பின்னால் வர வேண்டுமென்றால் மோட்டாரையே முழுசாகத் திருப்பிவிட வேண்டும். இரண்டு நாளில் பழகிவிடும்.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் யாராவது தருகிறேன் என்றால் எடை குறைவுதான், எஞ்சினும் எளிமை. ஆனால் 50-க்கு 1 என்று ஆயில் கலக்க வேண்டும், புகை வரும், தண்ணீரில் எண்ணெய் படலம் மிதக்கும். உனக்கு நான் சொல்லமாட்டேன்.

கடைக்குப் போனால் ஒன்று செய். மோட்டாரை ஸ்டாண்டில் மாட்டச் சொல்லி, அதற்கு முன்னால் தாழ்வான ஸ்டூலில் உட்கார். படகில் நீ எழுந்து நின்று கயிறு இழுக்கப் போவதில்லை. உட்கார்ந்தபடி முழங்கையைப் பின்னால் கொண்டுபோய் ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். வலது கையால் வேண்டாம், இடது கையால் இழுத்துப் பார். பத்து தடவை இழு. முதல் தடவை யாருக்கும் சுலபமாகத்தான் இருக்கும். ஏழாவது தடவைதான் உண்மை தெரியும்.

நம்பகம் பற்றிக் கேட்டிருந்தாய். சின்ன மோட்டார் கிளம்பாமல் போனால் பத்தில் எட்டு தடவை காரணம் பெட்ரோல்தான், இது என் அனுபவம். போன வருஷம் மூன்று மாதம் சும்மா வைத்திருந்த மோட்டார் கிளம்பவே இல்லை. கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே டீ டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு பசை. பெட்ரோல் போகும் பித்தளை ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். துளை வழியாக வெளிச்சம் வரவில்லை. தலைமுடி கனத்துக்குத்தான் அந்தத் துளை. ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிப் பிறகு எஞ்சின் சரியாகவே ஓடாது. அதனால் தூண்டில் நரம்பை நறுக்கி உள்ளே விட்டு, கிளீனரில் ஊறவைத்து, மறுபடி பிடித்தேன். குண்டூசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. மாட்டிய பிறகு இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து, சில நாளைக்கு எடுக்கப்போவதில்லை என்றால் பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். பழைய பெட்ரோலை வைத்துக்கொள்வதும் இல்லை.

கிளம்பிய மோட்டார் ஐந்தாறு நிமிஷத்தில் நின்றால், முதலில் டேங்க் மூடியின் மேல் இருக்கும் காற்றுத் திருகைப் பார். மூடியிருந்தால் பெட்ரோல் இறங்காது. அப்புறம், தண்ணீரில் குளிரும் மோட்டார் என்றால் பின்னால் சிறு தண்ணீர்த் தாரை பீய்ச்சுகிறதா என்று கிளம்பியதும் பார்க்க வேண்டும்; வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிடு. புரொப்பெல்லரைப் பிடித்திருக்கும் சின்ன உலோக ஊசி (ஷியர் பின்) மோதினால் உடையும் வகை என்றால் படகிலேயே அதில் இரண்டு ஸ்பேர், ஒரு பிளக், ஒரு ஸ்பேனர். நான்கு ஸ்ட்ரோக்கைக் காரில் கொண்டுபோகும்போது எந்தப் பக்கமாகப் படுக்கவைக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருப்பான். மாற்றி வைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும்.

இவ்வளவும் எழுதிவிட்டு, இரண்டு நாள் கடிதத்தை அனுப்பாமல் வைத்திருந்தேன். எனக்குப் பழக்கமானது பெட்ரோல், அதனால் அதையே உனக்கும் சொல்கிறேனோ என்று உறுத்தியது. உன் தோளை வைத்துப் பார்த்தால் எலெக்ட்ரிக்தான் சரி என்று இப்போது தோன்றுகிறது. இழுக்கக் கயிறே கிடையாது. டார்கீடோ, ஈப்ரொபல்ஷன் மாதிரியான கம்பெனிகளில் ஒரு கிலோவாட் மோட்டார் கிடைக்கிறது. படகைத் தள்ளுவதில் மூன்று ஹெச்.பி. பெட்ரோலோடு ஒப்பிடுவார்கள். மொத்தம் 18, 20 கிலோ வந்தாலும் பேட்டரி தனியாகக் கழன்றுவிடும். இரண்டு நடையாக, ஒரு கையால் கொண்டுபோய்விடலாம். கார்புரேட்டர் தொல்லை இல்லை. விடியற்காலையில் நீ போவது பறவைக்குக்கூடத் தெரியாது.

இடிப்பது தூரம்தான். பேட்டரி 1.3 கிலோவாட்-மணி என்றால், முழு முடுக்கில் ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பாதி வேகத்தில் போனால் பல மணி நேரம் வரும், ஏனென்றால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே மின்சாரச் செலவு பெருமளவு குறையும். பேட்டரியில் பாதி இருக்கும்போதே கரைப்பக்கம் திரும்பிவிட வேண்டும். காலியானால் உனக்குத் துடுப்பும் இல்லை என்பதை மறக்காதே. கூட யாராவது வரும் நாளில் துடுப்பை எடுத்துப் போட்டுக்கொள்.

எதை வாங்கினாலும் அணைக்கும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் கிளம்பாதே. நீ விழுந்தால் மோட்டார் நிற்க வேண்டும். மோட்டாரைப் பின்பலகையோடு ஒரு தனிக் கயிற்றால் கட்டிவை. அதைப் பிடித்திருக்கும் திருகு அதிர்வில் தளரும்.

கடைக்குப் போவதற்கு முன் எனக்கு இரண்டு அளவு எழுது. ஒன்று, பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து படகின் அடிவரை எத்தனை அங்குலம். பதினைந்தை ஒட்டி வந்தால் ஷார்ட் ஷாஃப்ட், அதாவது குட்டைக் கால் மோட்டார்; இருபதை ஒட்டி வந்தால் லாங், நீண்ட கால். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, துளி கீழேயோ இருக்க வேண்டும். மேலே போனால் காற்றை இழுத்துக்கொண்டு எஞ்சின் அலறும், படகு நகராது. இன்னொன்று, நீ வழக்கமாகப் போகும் இடத்துக்குப் போய்வர எத்தனை கிலோமீட்டர். ஐந்தாறுக்குள் என்றால் எலெக்ட்ரிக் என்றே முடிவு செய்துவிடலாம். வாங்கும் அன்றைக்கு நானும் வருகிறேன்; தூக்கி மாட்டுவது என் வேலை.

அன்புடன்,
நடராஜன்